ஜின் யோங்கின் காண்டோர் வீரர்கள்: சண்டையை விடுங்கள், கடனைப் பிடியுங்கள்

சீன எழுத்தாளர் ஜின் யோங் எழுதிய ‘லெஜண்ட்ஸ் ஆஃப் தி காண்டோர் ஹீரோஸ்’ என்ற வீரக் கலை நாவலை ஆங்கிலத்தில் படிக்க ஆசையாக எடுத்து, முதல் பாகத்தின் பாதியிலேயே வைத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். “பெயரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு”, “எப்போ பார்த்தாலும் சண்டை”, “ஹீரோ எப்போதான் வருவான்?” சுற்றிச் சுற்றி இந்த மூன்று புகார்கள்தான். மூன்றுக்கும் நான் சொல்லும் வழி ஒன்றே. யார் யாரை அடித்தார் என்பதை விட்டுவிடுங்கள். யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயிரைக் காப்பாற்றியவருக்குப் பட்ட கடன், மது அருந்தும்போது கொடுத்த வாக்கு, குருவுக்குச் செலுத்த வேண்டிய நன்றி, தகப்பனைக் கொன்றவன் மேல் தீர்க்க வேண்டிய பழி. இந்தக் கதையில் ஒருவர் வாளை உருவினால், ஏதோ ஒரு பழைய கணக்கு தீர்கிறது, இல்லையென்றால் புதுக்கணக்கு ஏறுகிறது. அது பிடிபட்டுவிட்டால் பெயர்கள் தாமாகவே மனதில் நிற்கும்.

நான் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கின் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். சீன எழுத்து படிக்கத் தெரியாது. வருகிறவரிடம் பெயர் கேட்கவும், மாத்திரை எத்தனை வேளை என்று சொல்லவும் வேண்டிய அளவுக்குப் பேச்சு வரும், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் உட்காரும் சீன ஆன்ட்டிக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். ஹாங்காங்கின் டிவிபி நிறுவனம் 1983-இல் எடுத்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வளர்ந்தவர். அவரிடம் கேட்டதும், வேலைக்குப் போகும் ரயிலில் நானே புத்தகத்தைப் புரட்டிக் கண்டதுமாகச் சேர்ந்த முறைதான் இது.

முதலில், எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இந்த நாவல் நான்கு பாகங்களாக வந்திருக்கிறது. ‘எ ஹீரோ பார்ன்’ 2018-இல் அன்னா ஹோம்வுட் மொழிபெயர்ப்பில் வந்தது. அடுத்த ஆண்டு ‘எ பாண்ட் அன்டன்’, மொழிபெயர்த்தவர் ஜிஜி சாங். இருவரும் சேர்ந்து செய்த ‘எ ஸ்நேக் லைஸ் வெயிட்டிங்’ 2020-இல். கடைசிப் பாகமான ‘எ ஹார்ட் டிவைடட்’ 2021-இல், ஜிஜி சாங்கும் ஷெல்லி பிரையன்ட்டும் செய்தது. இவை நான்கு தனி நாவல்கள் இல்லை. மூலத்தில் 40 அத்தியாயங்கள் கொண்ட ஒரே நாவல். ஆங்கிலப் பதிப்பாளர் வசதிக்காக நான்காகப் பிரித்திருக்கிறார். அதனால் முதல் பாகம் ஒரு முடிவோடு நிற்காது, நடுவழியில் நிற்கும். இரண்டாம் பாகம் கைக்கு வரும் என்று உறுதியான பிறகு முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தொடங்குங்கள். இங்கே எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு 21 நாள் கெடு. ஒரு பாகத்துக்கு அது தாராளமாகப் போதும், அடுத்ததை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.

எழுதியவரைப் பற்றி இரண்டு வார்த்தை தெரிந்திருந்தால் படிக்கும் வேகத்தை வைத்துக்கொள்வது சுலபம். ஜின் யோங் என்பது புனைபெயர். 1924-இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஹைனிங் என்ற ஊரில் பிறந்து, ஹாங்காங்கில் பத்திரிகையாளராக வாழ்ந்து, 2018-இல் அங்கேயே மறைந்தார். இந்தக் கதை 1957 முதல் 1959 வரை ‘ஹாங்காங் கமர்ஷியல் டெய்லி’ நாளிதழில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1959-இல் அவர் தன் சொந்த நாளிதழான ‘மிங் பாவ்’-ஐத் தொடங்கினார். நம் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிற செய்தி ஒன்றும் உண்டு. 1967-இல் சிங்கப்பூரில் ‘ஷின் மின்’ என்ற சீன நாளிதழை அவரோடு சேர்ந்து தொடங்கியவர், கோடாலித் தைலம் செய்த லியோங் யுன் சீ. தலைவலிக்கு நெற்றியில் தடவுகிறோமே, அதே கோடாலித் தைலம்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து என் மேசை இழுப்பறையில் இருக்கும் அந்தச் சின்னப் பாட்டில் மேல் எனக்குத் தனிப் பாசம்.

நாளிதழ்த் தொடராக வந்த கதையை நாளிதழ்த் தொடராகவே படிக்க வேண்டும். வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ போட்டுப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஒரு மூச்சில் 200 பக்கம் போனால் சண்டைகள் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். ஒரு நாளைக்கு அரை அத்தியாயம், மிஞ்சினால் ஓர் அத்தியாயம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, இன்று யார் கணக்கில் என்ன ஏறியது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆன்ட்டியிடம் காலையில் நான் கதை சொல்லியே ஆக வேண்டும் என்பதால் எனக்கு அது பழகிவிட்டது. உங்களுக்கும் அப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

நோட்டுப் புத்தகம்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இடதுபக்கம் பெயர். வலதுபக்கம் அவர் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார், யாரால் பிழைத்தார், யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார். வீரக் கலையின் பெயர், ஆயுதத்தின் பெயர், அடியின் பெயர் எதையும் எழுத வேண்டாம்.

முதல் அத்தியாயத்தை வைத்தே காட்டுகிறேன். தெற்குச் சோங் அரசின் தலைநகரான லின்ஆனுக்குப் பக்கத்தில், ச்சியான்டாங் ஆற்றங்கரையில் ஒரு குக்கிராமம். இன்றைய ஹாங்ஜோ நகரம் இருக்கும் இடம் அது. கதைசொல்லி ஒருவர் மரத்துண்டுகளைத் தட்டிப் போர்க்கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்களில் இரண்டு நண்பர்கள், ஸ்கைஃப்யூரி குவோவும் அயர்ன்ஹார்ட் யாங்கும். இருவரின் மனைவியரும் கர்ப்பம். பிறகு ஒரு பனி நாளில் ச்சியூ சூஜி என்ற தாவோ துறவி அவ்வழியாக வருகிறார். அவரை இவர்கள் சந்தேகிக்க, இவர்களை அவர் சந்தேகிக்க, கைகலப்பாகி, பின்பு உண்மை தெரிந்து மூவரும் நண்பர்களாகிறார்கள். பிறக்கப்போகும் குழந்தைகளுக்குத் துறவியே பெயர் வைக்கிறார்: குவோ ஜிங், யாங் காங். இரண்டு குத்துவாள்களில் அந்தப் பெயர்களைப் பொறித்துக் கொடுக்கிறார். நண்பர்கள் இருவரும் அந்த வாள்களை மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டும் ஆணாகப் பிறந்தால் உடன்பிறவாச் சகோதரர்கள், இரண்டும் பெண்ணென்றால் சகோதரிகள், ஒன்று ஆண் ஒன்று பெண் என்றால் கணவன் மனைவி. இதுதான் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அன்றிரவு யாங்கின் மனைவி சாரிட்டி பாவ், அடிபட்டுக் கிடக்கும் ஓர் அந்நியனைக் காண்கிறாள். அடிபட்ட குருவியைக் கூட எடுத்து வளர்க்கும் மனசு அவளுக்கு. கணவனுக்குச் சொல்லாமல் அவனுக்கு மருந்து போட்டுக் காப்பாற்றுகிறாள்.

நோட்டில் இப்போது மூன்று வரி ஏறியிருக்கும். துறவிக்கு அந்த இரண்டு குடும்பங்களோடும் ஏற்பட்ட நட்பு. தகப்பன்மார் பிள்ளைகளின் பேரில் செய்த சத்தியம். சாரிட்டி பாவுக்கு அந்த அந்நியன் பட்ட உயிர்க்கடன். நான்கு பாகங்களும் இந்த மூன்று வரிகளின் மேல்தான் நிற்கின்றன. குத்துவாள் விஷயத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். வாளில் இருக்கும் பெயர் ஒன்று, அதை வைத்திருப்பவன் பெயர் வேறு. பிற்பாடு மங்கோலியப் புல்வெளியில், ஓர் இருண்ட குன்றின் மேல், அந்த வாள் ஒரு சிறுவனின் கையில் இருக்கும். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். வாளின் பெயரை மறந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் பாதிதான் கிடைக்கும்.

அதே கிராமத்தில் மதுக்கடை வைத்திருக்கும் கால் ஊனமான கடைக்காரர் ஒருவர் வருவார், பெயர் ச்சூ சான். கதை அவரைத் தாண்டிப் போய்விடும். நோட்டில் அவருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். காரணம் மூன்றாம் பாகத்தில் தெரியும்.

அடுத்து, ஜியாசிங் நகரத்து மது விடுதிக் காட்சி. முதல் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள் என்பதும் உண்மை, ஏனென்றால் ஒரே நேரத்தில் ஏழு புதுப் பெயர்கள் வந்து விழுகின்றன. தெற்கின் ஏழு விசித்திரர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். பெயரை விடுங்கள், தொழிலைப் பாருங்கள். கசாப்புக்காரர் ஒருவர், விறகுவெட்டி ஒருவர், தராசுக்கோலையே ஆயுதமாக வைத்திருக்கும் வியாபாரி, குதிரை பழக்கும் குள்ளர், கந்தல் உடையில் ஒரு படிப்பாளி, படகோட்டி வரும் இளம்பெண், எல்லோருக்கும் மூத்தவராகக் கண் தெரியாத ஒருவர். சந்தையில் நாம் தினமும் பார்க்கிற ஆட்கள். மாளிகையில் பிறந்த வீரர் ஒருவர்கூட இவர்களில் இல்லை.

ச்சியூ சூஜி கோயிலில் இருந்த பெரிய வெண்கலப் பாத்திரத்தை மதுவால் நிரப்பித் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் வருகிறார். ஒவ்வொருவருக்கும் மரியாதை செலுத்துகிற மாதிரி அதை வீசுகிறார். வாங்கிக் குடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு விதமாக வாங்குகிறார்கள். வெளியே பார்த்தால் விருந்துபசாரம், உள்ளே உயிர்ப் போட்டி. இவ்வளவுக்கும் இரண்டு தரப்பாருமே நல்லவர்கள். ஒரு கோழை அதிகாரி சொன்ன பொய்யால் ஒருவரையொருவர் தவறாக நினைத்துக்கொண்டவர்கள். ஜின் யோங்கின் மிகச் சிறந்த சண்டைகள் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடுவே நடப்பதில்லை, நியாயம் இருக்கும் இருவருக்கு நடுவேதான் நடக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த அத்தியாயம் மனதைப் பிசையும்.

உண்மை தெரிந்த பிறகு ஒரு பந்தயம் வைத்துக்கொள்கிறார்கள். கிராமத்து நண்பர்கள் இருவரின் மனைவியரும் இதற்குள் காணாமல் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு கர்ப்பிணிகளில் ஒருத்தியைத் துறவி தேட வேண்டும், மற்றவளை ஏழு பேர் தேட வேண்டும். பிறக்கும் பிள்ளைகளுக்குக் கலை கற்றுக்கொடுத்து, 18 ஆண்டுகள் கழித்து இதே ஊரில் மோதவிட வேண்டும். ஏழு பேரும் அந்த ஒரு வாய்வார்த்தைக்காகச் சொந்த ஊரை விட்டு, மங்கோலியப் பனியிலும் மணலிலும் தங்கள் இளமையைச் செலவழிக்கிறார்கள். “ஹீரோ எப்போ வருவான்?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த ஏழு பேரும் வந்துவிட்டார்கள், அவர்களைப் பாருங்கள். குவோ ஜிங் மந்தமான பிள்ளை. ஒன்று சொன்னால் உடனே பிடிபடாது. ஏழு ஆசிரியர்கள் ஏழு விதமாகச் சொல்லிக்கொடுத்து அவனை இன்னும் குழப்புகிறார்கள். ஆனாலும் ஒரு நாள்கூட அவன் பயிற்சியை விடுவதில்லை. இவர்கள் தனக்காக எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

பெயர்களும் உறவும்

ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர்கள் இரண்டு விதமாக இருக்கும். குவோ ஜிங், யாங் காங், ச்சியூ சூஜி போன்றவை சீன ஒலியிலேயே இருக்கும். வேறு சிலருக்கு ஆங்கிலப் பொருள் வைத்திருப்பார்கள்: ஹுவாங் ரோங் என்ற பெண் ‘லோட்டஸ் ஹுவாங்’, அவள் அப்பா ‘அப்பாதிகரி ஹுவாங்’, பிச்சைக்காரர் குழுவின் தலைவர் ஹோங் ச்சீகோங் ‘கவுண்ட் செவன் ஹோங்’, மேற்கத்திய நஞ்சர் ஊயாங் ஃபெங் ‘வைப்பர் ஊயாங்’. தொலைக்காட்சித் தொடர்களில் சீன ஒலிதான் வரும். நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். குடும்பப் பெயர் முன்னே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். குவோ என்பது குடும்பம், ஜிங் என்பது ஆள்.

உச்சரிப்புக்கு மூன்று விதிகள் போதும். ‘கியூ’ எழுத்தைக் கண்டால் ‘ச்ச’ என்று சொல்லுங்கள். ‘எக்ஸ்’ வந்தால் ‘ஷ’ போல மெல்லிய ஒலி. ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்ந்து வந்தால் ‘ஜ’. வாய்விட்டுச் சொல்ல முடிகிற பெயர்தான் நினைவில் தங்கும். சொல்ல வராத பெயரைக் கண்ணால் மட்டும் தாண்டிப் போனால் பத்துப் பக்கம் கழித்து அவர் யாரோ ஆகிவிடுவார்.

உறவு முறையில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரே குருவிடம் படித்தவர்கள் ஒருவரையொருவர் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே அழைப்பார்கள். குருவோடு சேர்ந்து படித்தவர்கள் பெரியப்பா, சித்தப்பா முறை. வயது கணக்கில்லை, யார் முதலில் சீடரானார் என்பதே கணக்கு. ஆங்கிலத்தில் எல்லோரும் வெறும் ‘பிரதர்’ ஆகிவிடுவார்கள். படிக்கும்போது நீங்களே மனதுக்குள் அண்ணன், தம்பி என்று மாற்றிக்கொள்ளுங்கள், யார் யாருக்கு அடங்கிப் பேச வேண்டும் என்பது சட்டென்று விளங்கும். இரண்டாம் பாகத்தில் ஜோ போதோங் என்ற கிழவர் வருவார். வயதில் முதியவர், மனதில் குழந்தை. இடது கையால் சதுரமும் வலது கையால் வட்டமும் ஒரே நேரத்தில் வரையப் பழகி, இரண்டு கையையும் ஒன்றோடொன்று சண்டை போடவிட்டு விளையாடுகிறவர். அவர் குவோ ஜிங்கைப் பிடித்து உடன்பிறவாச் சகோதரனாக்கிக்கொள்கிறார். அவரோ ச்சியூ சூஜிக்கே சித்தப்பா முறை. அப்படியானால் குவோ ஜிங் இப்போது யாருக்கு என்ன முறை? இந்தச் சிக்கலை நம்மைப் போல ரசிக்க எல்லா மொழிக்காரர்களாலும் முடியாது.

வரலாறு எவ்வளவு தெரிய வேண்டும்

அரைப் பக்கம் போதும். 1127-இல் வடக்கிலிருந்து வந்த ஜின் அரசினர், அதாவது ஜுர்சென் இனத்தவர், சோங் தலைநகரைப் பிடித்துப் பேரரசரையும் அவர் தந்தையையும் சிறைப்பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆட்சிக்காலத்தின் பெயர் ஜிங்காங். குவோ ஜிங், யாங் காங் என்ற பெயர்கள் அதிலிருந்து பிரித்து எடுத்தவை. இந்த அவமானத்தை மறக்காதீர்கள் என்பதற்காகவே துறவி அப்படி வைத்தார். சோங் அரசு தெற்கே ஒதுங்கி லின்ஆனில் குடியேறியது. ஜின் படையை எதிர்த்துப் போராடிய தளபதி யுவே ஃபேய் 1142-இல் சொந்த அரசாலேயே கொல்லப்பட்டார். அவர் பெயர் கதை முழுக்க வரும். அதே காலத்தில் வடக்கே தெமுஜின் மங்கோலியக் குலங்களை ஒன்று சேர்த்து, 1206-இல் செங்கிஸ் கான் ஆகிறார். குவோ ஜிங் வளர்வது அவருடைய கூடாரங்களின் நடுவே. ஆக, அவனுக்கு நாட்டுக்கடன் ஒரு பக்கம், வளர்த்த கடன் இன்னொரு பக்கம். நான்காம் பாகத்தில் இந்த இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கும்.

ச்சியூ சூஜி உண்மையிலேயே வாழ்ந்தவர். ச்சுவான்ஜென் தாவோ மரபின் துறவி, 1148-இல் பிறந்து 1227-இல் மறைந்தார். முதிய வயதில் செங்கிஸ் கானின் அழைப்பை ஏற்று மத்திய ஆசியா வழியே நெடும்பயணம் போய், 1222-இல் இந்துகுஷ் மலைப் பக்கம் அவரைச் சந்தித்தவர். நாவலில் வரும் கோபக்காரரை அந்த நிஜத் துறவியாகவே நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் இப்படி நிஜ மனிதர்கள் நடுநடுவே வந்து போவதால்தான், கூரை மேல் பறந்து ஓடுகிறவர்களைக்கூட நம்ப முடிகிறது.

சண்டையைப் படிக்கும் விதம்

ஒவ்வோர் அடிக்கும் ஒரு கவித்துவமான பெயர் இருக்கும். கை எங்கே போனது, கால் எங்கே வந்தது என்று படம் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. மூன்று அடிப்படைகள் தெரிந்தால் போதும். உடலை லேசாக்கிச் சுவரேறுவது ஒன்று. மூச்சால் உள்ளே சேர்த்த பலம் இன்னொன்று. வயதானவர்கள் இளைஞர்களை வெல்வது இதனால்தான். உடலில் குறிப்பிட்ட புள்ளியைத் தொட்டு ஆளை அசைய முடியாமல் செய்வது மூன்றாவது. இதற்கு நமக்கு விளக்கமே வேண்டாம், வர்மம் என்றால் முடிந்தது.

பார்க்க வேண்டியது வேறு. யார் அடிக்க ஓங்கிய கையை நடுவில் நிறுத்துகிறார்? யார் தோற்பது போல நடிக்கிறார்? கொல்லக்கூடிய இடத்தில் கொல்லாமல் விட்டவர் யார்? அங்கேதான் நோட்டில் எழுத வேண்டிய வரி இருக்கும்.

சண்டையே இல்லாத இடங்களையும் வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் கவுண்ட் செவன் ஹோங்கை லோட்டஸ் ஹுவாங் சமையலால் மடக்கும் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். கோழியை மண் பூசி நெருப்பில் வாட்டி அவள் எடுக்கும்போது கிழவர் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார். மறுபடி ஒரு நாள், ஒரு முழுப் பன்றித் தொடையில் 24 குழிகள் குடைந்து, டோஃபுவைச் சின்னச் சின்ன உருண்டையாகச் செதுக்கி அந்தக் குழிகளில் வைத்து ஆவியில் வேகவைக்கிறாள். இறைச்சியின் ருசியெல்லாம் டோஃபுவில் இறங்கியதும் இறைச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு டோஃபுவை மட்டும் பரிமாறுகிறாள். பழைய கவிதை வரி ஒன்றையே அந்தப் பண்டத்துக்குப் பெயராக வைக்கிறாள். கிழவரால் நாக்கைக் கட்ட முடியவில்லை. சாப்பிட்ட கடனுக்குக் குவோ ஜிங்குக்கு ஓர் அடி சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த நாள் இன்னொரு பண்டம், இன்னோர் அடி. உலகத்தின் ஐந்து பெரும் வீரர்களில் ஒருவருடைய கலை ஒரு மந்தமான பையனுக்கு இப்படித்தான் போய்ச் சேர்கிறது. அந்தப் பெண் அவன்மேல் வைத்த அன்பு முழுவதும் அந்த அடுப்படியில் இருக்கிறது. பசியோடு மட்டும் அந்த அத்தியாயத்தைப் படிக்காதீர்கள்.

அந்த ஐவர் யார் என்று கேட்டால்: கிழக்கில் அப்பாதிகரி ஹுவாங், மேற்கில் வைப்பர் ஊயாங், தெற்கில் தாலி நாட்டு மன்னர், வடக்கில் இந்தப் பிச்சைக்காரத் தலைவர், நடுவில் ச்சுவான்ஜென் மரபைத் தொடங்கிய வாங் சோங்யாங். ‘ஒன்பது யின்’ என்ற வீரக் கலை நூலுக்காக இவர்கள் ஹுவா மலையில் ஏழு நாள் மோதியது கதை தொடங்குமுன்பே நடந்து முடிந்த விஷயம். அந்த நூலின் கடைசிப் பகுதி சமஸ்கிருத ஒலிகளைச் சீன எழுத்தில் அப்படியே எழுதியது. யாருக்கும் பொருள் தெரியாது. கெட்டிக்காரர்கள் அதைக் கண்டு திணறும்போது, குவோ ஜிங் ஒன்றும் புரியாமலேயே வரிக்கு வரி மனப்பாடம் செய்துவிடுகிறான். இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவரும் பிற்பாடு கதைக்குள் வருகிறார். இந்த வரியையும் குறித்து வையுங்கள்.

இடையில் வரும் சந்தேகங்கள்

தொலைக்காட்சித் தொடரை முன்னால் பார்க்கலாமா? முதல் பாகத்தை முடித்த பிறகு பாருங்கள். அதற்குமேல் பார்த்தால் முகங்கள் மனதில் பதிந்து, பெயர்கள் இன்னும் சுலபமாகும். 1983 தொடரில் லோட்டஸாக நடித்த பார்பரா யுங்கை ஆன்ட்டி இன்றைக்கும் கண் கலங்கித்தான் பேசுவார், அவ்வளவு சின்ன வயதில் இறந்துபோனவர். புத்தகத்துக்கும் தொடருக்கும் வித்தியாசம் வந்தால் யார் சரி என்று சண்டை போட வேண்டாம். ஜின் யோங் தன் நாவல்களை 1970களில் ஒருமுறையும், 1999-க்குப் பிறகு இன்னொரு முறையும் முழுதாகத் திருத்தி எழுதினார். நாளிதழில் வந்தபோது இருந்த ஒரு பெண் பாத்திரம் திருத்தத்தில் காணாமலே போய், அவள் கதை இன்னொருத்தியோடு சேர்ந்துவிட்டது. எந்தப் பதிப்பைப் படித்தவர் என்பதைப் பொறுத்து அவரவர் நினைவு மாறும்.

இணையத்தில் கிடைக்கும் ‘உயிர்நிலை உயர்த்தும்’ கதைகளிலிருந்து தொடங்கலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். மனிதன் தவம்போலப் பயிற்சி செய்து, படிப்படியாக ஏறி, இறவாத நிலையை அடையும் ஆயிரக்கணக்கான அத்தியாயத் தொடர்கள் அவை. தாராளமாகப் படியுங்கள், ஆனால் மனிதர் உட்கார்ந்து மொழிபெயர்த்த ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். முதல் மூன்று அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் அவன், அடுத்த பக்கத்தில் அவள் என்று மாறினாலோ, ஒரே பெயர் மூன்று விதமாக வந்தாலோ, இயந்திரத்தின் வேலை அது, விட்டுவிடுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், முதலில் குவோ ஜிங்கின் கதை. வாக்கு, குரு, குலம் என்று அந்தக் கதைகள் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும் இங்கே அடியிலிருந்து பார்க்கலாம்.

நான்கு பாகமும் முடிந்தபின் அடுத்த தொடரான ‘ரிட்டர்ன் ஆஃப் தி காண்டோர் ஹீரோஸ்’ காத்திருக்கிறது. அதன் முதல் பாகம் ‘எ பாஸ்ட் அன்எர்த்ட்’ என்ற பெயரில் ஜிஜி சாங் மொழிபெயர்ப்பில் 2023-இல் வந்தது. அதற்குப் புது நோட்டு வாங்க வேண்டாம். யாங் காங்கின் பெயருக்கு எதிரே அடைபடாமல் நிற்கும் வரிகளை அப்படியே வைத்திருங்கள், ஏனென்றால் அடுத்த கதையின் நாயகன் அவனுடைய மகன்.